வலிப்பு உள்ள மாணவியும் மருத்துவக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே, பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயரைப் போடவில்லை, போட்டால் ஆள் யாரென்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அவ்வளவு சின்ன ஊர். சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மாணவியும் அவள் அம்மாவும் முழுவதையும் படித்துப் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே விடுகிறேன்.

நான் ஆறாம் படிவத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் உட்கார்ந்து, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் படிவங்களையும் கட்டுரைகளையும் பார்த்துக் கொடுப்பது வழக்கம். கூட வேறு சிலரும் உண்டு, ஆனால் மருத்துவம் கேட்டு வருகிற பிள்ளைகள் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

மாணவிக்கு அப்போது 19 வயது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பாட்டி பால்மரம் (ரப்பர்) சீவிய தலைமுறை, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும் லயத்து வீட்டிலேயே இருந்து, அப்புறம் பட்டணத்துக் குறைந்த விலை வீட்டுக்கு வந்தவர். பிள்ளை நன்றாகப் படிப்பவள். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்.-இன் முதல் பருவத்தில் மட்டும் வேதியியல் சறுக்கி சி வாங்கியிருந்தாள், மீள்தேர்வு எழுதக் காத்திருந்தாள்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் கட்டுரை கிடையாது. கல்விப் புள்ளிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு, மருத்துவம் என்றால் அதற்கு மேல் நேர்முகம். அந்த வழியும் திறந்தே இருந்தது, ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பது எங்கள் ஊர்ப் பெற்றோர் எல்லாருக்கும் தெரியும். அதனால் இரண்டு தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரு அறக்கட்டளையின் உதவித்தொகைக்கும் சேர்த்தே விண்ணப்பம் தயாரானது. மூன்றுமே 'உன்னைப் பற்றி எழுது' என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டன, ஆங்கிலத்தில்.

நோய் எப்படித் தெரியவந்தது

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் காலையில் எழுந்ததும் கை திடீரென்று உதறும். தேநீர்க் கோப்பை கையிலிருந்து பறக்கும், பல் துலக்கும் பிரஷ் விழும். வீட்டில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி பேரீச்சம்பழமும் பாலும் கொடுத்தார்கள், கோயிலில் கயிறும் கட்டினார்கள். கெட்டியான பிள்ளை, உதறலை மறைக்கக் காலையில் பிளாஸ்டிக் கோப்பையில் குடிக்கப் பழகிக்கொண்டாள்.

ஆறாம் படிவம் முதல் பருவத் தேர்வுக்கு முன்னால் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்துவிட்டு, விடிந்ததும் பள்ளிக்குக் கிளம்பும்போது குளியலறை வாசலில் விழுந்தாள். முழு உடம்பும் வெட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், ஒரு அம்மா வாயில் கரண்டி வைக்கப் பார்த்தார். கரண்டி பல்லை உடைக்காமல் தப்பித்தது அதிர்ஷ்டம்தான். (வாயில் எதையும் வைக்கக் கூடாது, பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து நேரத்தைப் பார்க்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இரும்பு எதுவும் செய்யாது. இதை நம் ஊரில் இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டுமோ.)

ஈப்போ அரசு மருத்துவமனையில் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுத்து, ஜுவெனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்றார்கள். பதின்ம வயதில் தொடங்குகிற வலிப்பு வகை இது. காலை உதறல்தான் அதன் முத்திரை, தூக்கம் கெடுவதுதான் பெரிய தூண்டுதல். மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும், ஆனால் மருந்தைப் பல ஆண்டுகள், பலருக்கு வாழ்நாள் முழுக்க, விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். வால்புரோவேட் இதற்கு நல்ல மருந்துதான் என்றாலும் கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும் என்பதால் இளம்பெண்களுக்கு முடிந்தவரை தவிர்ப்பார்கள். இவளுக்கு லெவெடிராசெட்டம் கொடுத்தார்கள். முதல் சில வாரம் எரிச்சலும் கோபமுமாக இருந்தாளாம், அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. பிறகு அடங்கியது. என்னிடம் வந்தபோது வலிப்பு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது, உதறலும் இல்லை.

முதல் வரைவு

முதல் வரைவைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, அதை மறைக்க விரும்பவில்லை. குளியலறை வாசல், அம்மாவின் அழுகை, தெருவே கூடி நின்று பார்த்தது, பள்ளியில் ஒரு தோழி பக்கத்தில் உட்கார மறுத்தது, கோயில் கயிறு என்று பக்கம் முழுக்க அதுதான். கடைசி மூன்று வரியில், இத்தனையும் அனுபவித்ததால் தன்னைப் போன்றவர்களுக்கு உதவ மருத்துவராக வேண்டும் என்று முடித்திருந்தாள்.

இரண்டாம் முறை ஒரு தேர்வுக்குழு உறுப்பினரைப் போலப் படித்தேன். அப்போது பார்த்தால், வலிப்பு என்றால் என்னவென்று தெரிந்தது, இந்தப் பிள்ளை யாரென்று தெரியவில்லை. எதைப் படிக்கப் பிடிக்கும், யாரோடு எப்படிப் பழகுவாள், மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்று எதையாவது கவனித்திருக்கிறாளா, ஒன்றும் இல்லை. நோயாளியாக இருந்தது மருத்துவம் படிக்கத் தகுதி என்று கட்டுரை வாதாடியது, அந்த வாதம் நிற்காது. நோய் வந்த எல்லாரும் மருத்துவர் ஆவதில்லை, நோயே வராத எத்தனையோ பேர் நல்ல மருத்துவராக இருக்கிறார்கள்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இணையத்தில் அமெரிக்க மாதிரிக் கட்டுரைகள் என்றாள். அங்கே கதை வேறு. அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவம், விண்ணப்பக் கட்டுரைக்கு 5300 எழுத்துகள் வரை இடம், படிக்கிறவர்களும் வாழ்க்கைக் கதையை எதிர்பார்த்தே படிக்கிறார்கள். அங்கேகூட நோயைப் பற்றி எழுதுவதில் எச்சரிக்கை சொல்லாத ஆலோசகர் கிடையாது. இங்கிலாந்துப் பக்கம் யுகாஸ் விண்ணப்பத்தில் 4000 எழுத்துகள், 2026 சேர்க்கையிலிருந்து அதையும் மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, உன் கல்வி உன்னை எப்படித் தயார்ப்படுத்தியது, கல்விக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுமே நேரான கேள்விகள். இங்குள்ள தனியார் கல்லூரிகள் எதிர்பார்ப்பது இங்கிலாந்து முறைக்குத்தான் நெருக்கம். ஒரு பக்கம்தான் இடம், அதில் முக்கால் பக்கத்தை விழுந்த கதைக்குக் கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

வீட்டில் மூன்று கட்சி

அடுத்த சனிக்கிழமை அவள் தாய்மாமாவும் கூட வந்தார். நல்ல மனிதர், தங்கை குடும்பத்துக்கு முன்னால் நிற்பவர். அவருக்கு ஒரே நிலைப்பாடு.

"டீச்சர், ஒண்ணும் எழுத வேணாம். பொம்பளப் பிள்ளை. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்கு. காகிதத்துல ஏறிட்டா அப்புறம் அழிக்க முடியாது."

பள்ளியின் ஆலோசக ஆசிரியர் நேர் எதிர். முதல் வரைவை அப்படியே அனுப்பு, படிக்கிறவர்கள் உருகிவிடுவார்கள், உதவித்தொகையும் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. "நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று என் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். வலிப்பு இருக்கிற பெண் என்று தெரிந்து சம்பந்தம் கலைந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அவர் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் பேசப் பேச அவர் கட்டுரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று புரிந்தது. கல்லூரிகள் சேர்க்கையின்போது ஒரு உடல்நலப் படிவமும் கேட்கும். அதில் வலிப்பு உண்டா என்று நேராகவே ஒரு கட்டம் இருந்தது. அதிலும் 'இல்லை' என்று போட்டுவிடச் சொன்னார். ஆலோசக ஆசிரியர் எல்லாவற்றிலும் சொல்லச் சொல்கிறார், மாமா எல்லாவற்றிலும் மறைக்கச் சொல்கிறார். இரண்டு பேருமே கட்டுரையையும் படிவத்தையும் ஒரே தாளாகப் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான் இருந்தது.

இரண்டு தாள், இரண்டு கேள்வி

அன்றைக்கு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினோம்.

கட்டுரையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது முழுக்க விண்ணப்பிப்பவர் விருப்பம். அதில் நோயை விட்டுவிட்டால் அது பொய் ஆகாது, யாரும் அங்கே கேட்கவில்லை. அதைப் படிப்பவர்கள் தேர்வுக்குழுவினர், சில நேரம் அலுவலகப் பணியாளர்கள், சில நேரம் அறக்கட்டளைக்காரர்கள். எத்தனை கைக்குப் போகும் என்று நம் கையில் இல்லை. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை உணர்வுமிக்க தரவு என்று தனியாக வைத்திருக்கிறது, ஆனால் நாமே கட்டுரையில் எழுதி அனுப்பியதை நாலு பேர் படித்துவிட்டால் எந்தச் சட்டம் வந்து அதை மறக்க வைக்கும்?

உடல்நலப் படிவத்தின் கதை வேறு. அங்கே நேராகக் கேட்கிறார்கள், கீழே கையெழுத்துப் போடுகிறோம். பொய் சொன்னது பின்னால் தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகலாம், அந்த வரி படிவத்திலேயே அச்சாகியிருந்தது. மூன்றாம் ஆண்டில், லட்சக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கட்டிய பிறகு, வார்டில் விழுந்து தெரியவந்தால் என்ன ஆகும் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இன்னொன்றும் சொன்னேன். மருத்துவராகப் பதிவு செய்வது 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் மலேசிய மருத்துவ மன்றம், அங்கேயும் உடல்நலக் கேள்வி வரும். ஹவுஸ்மன் காலம், அதாவது பட்டம் வாங்கியதும் அரசு மருத்துவமனையில் செய்யும் பயிற்சி, 2008-இலிருந்து இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டில் தூக்கம் கெடாமல் இருக்க வாய்ப்பே இல்லை. இவளுடைய வலிப்புக்குத் தூக்கம் கெடுவதுதான் எதிரி. ஆக, வேலை நேரத்தில் சலுகை கேட்க வேண்டிய நாள் நிச்சயம் வரும், மறைத்து வைத்த நோய்க்கு யாரும் சலுகை தர முடியாது.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "படிவத்துல உண்மையப் போடு. கட்டுரையில உனக்கு எது சரின்னு படுதோ அதப் போடு." அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது. மாமா கோபமாகத்தான் எழுந்து போனார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலையாக ஈப்போ நிபுணரிடம் கடிதம் வாங்கச் சொன்னேன். ஐந்து வெள்ளி கட்டிப் பார்க்கிற வழக்கமான சந்திப்பிலேயே கேட்டு வாங்கினாள். நோயின் பெயர், மருந்து, கடைசி வலிப்பு எப்போது, படிப்புக்குத் தகுதி உண்டு, தூக்க ஒழுங்கு அவசியம், தொடர் இரவுப் பணியில் கவனம் தேவை என்று அரைப் பக்கம். அது படிவத்தோடு போனது. இந்தக் கடிதம் வந்த பிறகு அவள் நடையே மாறியது. எதைச் சொல்வதானாலும் பயமில்லாமல் சொல்ல ஒரு பிடி கிடைத்தது போல.

கட்டுரையில் நோய் வேண்டுமா வேண்டாமா என்று நிறையப் பேசினோம். எடுத்த எடுப்பில் விட்டுவிடு என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பருவ முடிவுகளையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள், வேதியியல் சி அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், மற்ற எல்லாம் ஏ. படிக்கிறவர் 'இது ஏன்' என்று கேட்டே தீருவார். அதற்கு ஒரு பதில் இருக்கிறது, அந்தப் பதிலைச் சொல்லும் அளவுக்கு மட்டும் நோய் வரட்டும் என்று முடிவானது.

அடுத்த கேள்வி, பெயரைச் சொல்வதா, 'ஒரு உடல்நலக் குறைவு' என்று பொத்தாம்பொதுவாக விடுவதா. எனக்குத் தெரிந்த சிலர் பெயர் சொல்லாமல் விடுவதுதான் பாதுகாப்பு என்பார்கள். மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. "பேர் சொல்லாம விட்டா அவங்க இதவிட மோசமா எதையாவது நினைச்சுக்குவாங்க டீச்சர்" என்றாள். சரியாகத்தான் பட்டது. பெயரும் வரும், அதே வாக்கியத்தில் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதும் வரும் என்று வைத்தோம்.

அம்மா அழுத காட்சியை அவளே எடுத்துவிட்டாள். அது அம்மாவுடையது, அம்மாவிடம் கேட்காமல் போட்டது தப்பு என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பெயர் சொல்லாவிட்டாலும் தோழியின் பகுதியும் போனது, அந்தப் பிள்ளையும் இதே ஊர்தானே.

இப்படி வெட்டிய பிறகு பக்கத்தில் ஐந்து வரிதான் மிச்சம். இனி எதை வைத்து நிரப்புவது?

கட்டுரைக்குக் கிடைத்த உண்மையான விஷயம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரை நின்றது இதில்தான்.

ஒரு சனிக்கிழமை அவள் தாமதமாக வந்தாள். கேட்டால், பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) கூட்டிப்போய் வந்தேன் என்றாள். உன் பாட்டியா? இல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி. அடிக்கடி போவாயா? போவேன், அவர்களுக்கு மலாய் கடை கண்ணிக்குப் போய்வர மட்டும்தான் வரும், டாக்டர் சொல்வது புரியாது, நான்தான் சொல்வேன். எத்தனை பேருக்கு? அவளுக்கே கணக்கு இல்லை. தெருவில் இருக்கிற வயசானவர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், படிவம் மூன்றிலிருந்தே. ஒரு வெள்ளி டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, உள்ளே போய் இரண்டு பக்கமும் பேசி, மருந்துப் பையை வீட்டில் பிரித்து எதை எப்போது என்று டப்பாவில் குறி போட்டுக் கொடுத்துவிட்டு வருவாளாம்.

"இத ஏன் நீ எழுதல?"

"இதுல என்ன இருக்கு டீச்சர், எல்லாரும் செய்றதுதானே."

தோட்டத்துப் பிள்ளைகளிடம் எப்போதும் பார்க்கிற விஷயம் இது. வீட்டுக் கடமையாகச் செய்வதை அனுபவம் என்றே எண்ண மாட்டார்கள். கோலாலம்பூரில் காசு கட்டி மருத்துவமனையில் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்த பிள்ளை அதை முதல் பத்தியில் போடுகிறது, இவள் ஆண்டுக்கணக்கில் செய்ததை வாயே திறக்கவில்லை.

தோண்டத் தோண்ட வந்தது. அவளுடைய சொந்தப் பாட்டிக்கு நீரிழிவு, கிளிக்லசைட் மாத்திரை. வெள்ளிக்கிழமை விரதம், சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார். சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் பாட்டிக்கு வியர்வையும் மயக்கமும் வருவதைக் கவனித்தவள் இவள்தான். டாக்டர் "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டபோது பாட்டி ஆமாம் என்றார். அது உண்மைதான். விரதத்தைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை, பாட்டிக்கும் சொல்லத் தோன்றவில்லை. நடுவில் இருந்த இவள் சொன்னாள். மருந்து நேரத்தை மாற்றினார்கள், மயக்கம் நின்றது.

இதைவிட என்ன வேண்டும்? இதில் கவனிப்பு இருக்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற ஆர்வம் இருக்கிறது, நோயாளி ஏன் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார் என்ற புரிதலும் இருக்கிறது. சொந்த நோயை வைத்து ஒரு பக்கம் எழுதியும் வராதது இந்த ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது.

கடைசி வடிவத்தில் முதல் பாதி கிளினிக் வேலையும் பாட்டியின் மாத்திரையும். அடுத்து உயிரியலில் அவளுக்குப் பிடித்த பகுதி, பள்ளி செம்பிறைச் சங்கத்தில் செய்தது. பிற்பகுதியில் நோய் பற்றிய பத்தி. அது ஆங்கிலத்தில் இருந்தது, அதன் சாரம் இவ்வளவுதான்: ஆறாம் படிவம் முதல் பருவத்தில் எனக்கு வலிப்பு நோய் கண்டறியப்பட்டது, அந்தப் பருவத்தின் வேதியியல் முடிவில் அது தெரியும். சிகிச்சையில் நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அந்தத் தாளை மீண்டும் எழுதுகிறேன். இப்போது தூங்கும் நேரத்தைப் பாடத்திட்டம் போலவே திட்டமிடுகிறேன். நிபுணரின் கடிதம் உடல்நலப் படிவத்தோடு இருக்கிறது. வலிப்பு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்க அட்டை எழுதி, கிளினிக் தாதியிடம் காட்டித் திருத்தி, எங்கள் தெருவில் கொடுத்தேன்.

அழுகை இல்லை. அந்த அட்டை நிஜம்தான், சாவிக்கொத்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக் குளிர்பெட்டியில் இன்றும் ஒட்டியிருக்கிறது.

நடந்தவை

யு.பி.யு.வில் மருத்துவம் வரவில்லை, உயிர்மருத்துவம் வந்தது. புள்ளிப் போட்டியில் நடந்தது அது, கட்டுரைக்கோ நோய்க்கோ அதில் சம்பந்தமில்லை.

முதல் தனியார் கல்லூரி நேர்முகத்துக்கே அழைக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. மாமா உடனே நோயை எழுதியதால்தான் என்றார். இருக்கலாம், வேதியியல் சி-யாகவும் இருக்கலாம். காரணம் தெரியாத ஒன்றிலிருந்து பாடம் எடுக்க நான் தயாரில்லை.

இரண்டாவது கல்லூரி அழைத்தது. பல நிலைய நேர்முகம், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இப்போது பல நாட்டிலும் புழங்குகிற முறை. ஒவ்வொரு அறையிலும் சில நிமிடம், ஒரு சூழ்நிலை, ஒரு கேள்வி. ஒரு அறையில் கட்டுரையைக் கையில் வைத்திருந்தவர் நேராகக் கேட்டார், இரவுப் பணி உன் நோய்க்கு ஒத்துவராதே, என்ன செய்வாய் என்று. அவள் தயாராக இருந்தாள். தெரிந்ததைச் சொன்னாள்: தூக்கம் கெட்டால் எனக்கு ஆபத்து, எனக்கு ஆபத்து என்றால் நோயாளிக்கும் ஆபத்து, அதனால் முன்கூட்டியே மேலதிகாரியிடம் சொல்லி, அடுக்கடுக்காக இரவுப் பணி வராதபடி கேட்பேன், சில துறைகள் எனக்கு ஒத்துவராமல் போகலாம் என்பதும் தெரியும். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பாட்டியின் மாத்திரைக் கதைக்குத் தாவிவிட்டாராம், மிச்ச நேரம் முழுக்க அதுதான் ஓடியது.

நிபந்தனையோடு இடம் கிடைத்தது. கல்லூரியின் உடல்நலப் பிரிவு கடிதத்தைப் பார்த்து, ஆண்டுதோறும் நரம்பியல் நிபுணரின் அறிக்கை தர வேண்டும் என்றது. மீள்தேர்வில் வேதியியலும் மேலே வந்துவிட்டது.

அறக்கட்டளை நேர்முகம்தான் கசப்பு. அதே கட்டுரைதான் அங்கேயும் போயிருந்தது. குழுவில் ஒருவர், "நீ நோயாளி முன்னால் விழுந்தால் யார் யாரைப் பார்ப்பது" என்று கேட்டார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் பதில் சொன்னாள், ஆனால் அதன் பிறகு வந்த எந்தக் கேள்வியும் படிப்பைப் பற்றியதாக இல்லை. உதவித்தொகை கிடைக்கவில்லை. அங்கே மருத்துவப் பிரிவு என்று ஒன்று கிடையாது, கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் கிடையாது, பணம் வீணாகிவிடுமோ என்ற பயம் மட்டும்தான்.

பணத்துக்குக் குடும்பம் பட்ட பாடு தனிக் கதை. கல்விக் கடன், அப்பாவின் சேமநிதியிலிருந்து பிள்ளை படிப்புக்காக எடுத்தது, மாமா கொடுத்தது. ஆமாம், மாமாதான். கோபமாக எழுந்து போனவர்.

முதல் ஆண்டு

உடற்கூற்றியல் தேர்வு வாரத்தில் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. விடுதி அறையில் காலையில் கை உதறத் தொடங்கி, பிறகு முழு வலிப்பு. அறைத்தோழியிடம் முதல் வாரமே சொல்லி வைத்திருந்தாள், அவளும் மருத்துவ மாணவி, பக்கவாட்டில் திருப்பி, தலைக்குத் துணி வைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்தாள். இரண்டு நிமிடத்துக்குள் நின்றது. உடல்நலப் பிரிவில் கோப்பு ஏற்கெனவே இருந்ததால் யாரும் பதறவில்லை, போதைப் பழக்கமா என்று சோதிக்கவில்லை, தேர்வைத் துணைத் தேர்வு நாளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தோல்வியாகக் கணக்கில் ஏறவில்லை. மருந்தளவைக் கூட்டினார்கள்.

ஊரில் செய்தி வந்ததும் மாமா என்னைக் கடைத்தெருவில் பிடித்தார். "பாத்தீங்களா டீச்சர், நான் அப்பவே சொன்னேன், இந்தப் படிப்பு இவளுக்கு ஆகாதுன்னு." படிவத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தால் அந்தக் காலையில் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்டேன். அவர் பார்வையில் இது ஒன்றுக்குச் சாட்சி, என் பார்வையில் இன்னொன்றுக்கு. தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இப்போது எதை மாற்றிச் செய்கிறோம்

நிபுணர் கடிதத்தைக் கட்டுரைக்கு முன்பே வாங்கச் சொல்கிறோம். கடிதத்தைப் படித்த பிள்ளை எழுதுகிற கட்டுரையில் பயம் குறைவாக இருக்கிறது. கல்லூரியின் உடல்நலப் படிவத்தையும் முதல் நாளே கேட்டு வாங்கிப் பார்க்கிறோம், சேர்க்கை வந்த பிறகு பார்த்து அதிர்ச்சி அடைவதற்குப் பதிலாக.

மதிப்பெண் சரிவுக்கு விளக்கம் தேவைப்பட்டால் அதை வகுப்பாசிரியரின் பரிந்துரைக் கடிதத்தில் போட முடியுமா என்று முதலில் பார்க்கிறோம், மாணவர் சம்மதத்தோடு. ஆசிரியர் இரண்டு வரியில் சொன்னால் கட்டுரையில் அந்த இடம் மிச்சம். இந்த மாணவிக்கு அப்படிச் செய்திருந்தால் நோய்ப் பத்தியே வேண்டியிருக்காது என்று நான் நினைக்கிறேன். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள், அந்த அட்டை கட்டுரையில் இருந்தே ஆக வேண்டும் என்பாள்.

உதவித்தொகைக்குத் தனிக் கட்டுரை. படிவத்தில் நேராகக் கேட்டால் ஒழிய நோய் அதில் வராது. கேட்டால் உண்மை, கடிதத்தோடு.

மனச்சோர்வு, பதற்றம் என்று வருகிற பிள்ளைகளுக்கு இந்த நிகழ்வை அப்படியே அச்சாக எடுத்துக்கொள்வதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவை நாடே 2023-இல்தான் நீக்கியது, கட்டுரை படிக்கிறவர்கள் மனம் அதற்குள் மாறியிருக்கும் என்று நம்பிக் கட்டுரையில் அதை எழுதச் சொல்ல எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. சிகிச்சை நடுவில் இருக்கிற பிள்ளை என்றால் கட்டுரையை ஒத்திவைத்துவிட்டு, ஓராண்டு தள்ளி விண்ணப்பிக்க முடியுமா என்றுதான் முதலில் பேசுகிறோம். படிவத்தில் கேட்டால் அங்கேயும் உண்மைதான், அதில் மாற்றம் இல்லை.

மாணவி இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்து கட்டுரைகளைப் படித்துக் கொடுக்கிறாள், என்னைவிடக் கண்டிப்பாக வெட்டுகிறாள்.